இத்தா அறைக் கம்ப்யூட்டர்

ரஹ்மத் பீவி இத்தா இருக்கிற அறைக்குள் அந்நிய ஆண் யாரும் கால் வைக்கக் கூடாது. வீட்டுக் கம்ப்யூட்டர் இருப்பதோ அந்த அறையில். அதைச் சரிசெய்ய நீடாமங்கலத்தில் கிடைத்தவனோ சைபுல்லா ஒருத்தன். அவனும் தாடியும் மீசையுமாக ஆண்பிள்ளைதான். இந்த மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவந்து முட்டவிட்டது எது என்று கேட்டால், மழை என்றுதான் நான் சொல்வேன்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து விட்டபாடில்லை. கோரையாறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. நட்டு முடித்த சம்பா வயல்களில் பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. அந்த ஓட்டு வீட்டில் ஒழுகாத இடம், லியாகத் அலி பின்னால் சேர்த்துக் கட்டிய காங்கிரீட் அறை ஒன்றுதான். மகன் ஜாஃபர் சாதிக் ரியாத்திலிருந்து சொல்லி வாங்கிய கம்ப்யூட்டரை அங்கே வைத்தார்கள். பக்கவாதம் வந்த லியாகத் அலியையும் அங்கேதான் கிடத்தினார்கள். அவர் மவுத்தானதும் அவருடைய மனைவி ரஹ்மத் பீவி வெள்ளைச் சேலை உடுத்தி அதே அறையில் இத்தா உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டாமல், அந்நிய ஆண் முகம் பார்க்காமல் இருக்க வேண்டும்.

"கம்ப்யூட்டரத் தூக்கிக் கூடத்துல வச்சிருவோம் பெரியம்மா. அஞ்சு நிமிஷ வேல" என்று சைபுல்லா வந்ததுமே சொல்லிப் பார்த்தான்.

"என் ரூம்ல இருந்து ஒரு துரும்பு வெளிய போவாது" என்றாள் ரஹ்மத் பீவி, அறை வாசலில் தொங்கிய திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து. "போனா என்னா நடக்கும்னு எனக்குத் தெரியும். மிச்சம் இருக்கிறதையும் அழிச்சிப் போட்டுட்டு, மழத்தண்ணி பட்டுருச்சின்னு சொல்லுவா."

அவள் அப்படிச் சொன்னது மருமகள் நிலோஃபரை. நிலோஃபர் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். மாமியார் பேச்சு காதில் விழாதவளைப் போல மவுஸ் எலியை மேசையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடிந்த கையோடு ஜாஃபர் விமானம் ஏறிவிட்டான். அன்றிலிருந்து இந்த இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே ஆணக் குழம்பில் சோற்றைப் பிசைந்து, ஒருவரை ஒருவர் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அறை வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சைபுல்லா உட்கார்ந்தான். பக்கத்தில் ஒழுகல் தண்ணீருக்கு வைத்த வாளி சொட்டுச் சொட்டென்று அவன் காதைத் தின்றது. திரையைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைச் சரிசெய்வது அவனுக்குப் புதிது. கல்யாண வீடியோக்களில் பூ தூவி, மணமக்களை இதயத்துக்குள் அடைத்து, ஊர் ஊராக சிடி போட்டுக் கொடுக்கிறவன். கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் அவன் அறிந்த மருந்து ஒன்றுதான்: உள்ளே இருப்பதைத் துடைத்தெறிகிற ஃபார்மட். அந்த மருந்தை இந்த வீட்டுக்கும் போன வாரம் கொடுத்துவிட்டான். இன்றைக்கு வந்த வினை அதுதான்.

நடந்தது இது. படுத்துவிட்ட அத்தாவைப் பார்க்க ஜாஃபரால் வர முடியவில்லை. பாஸ்போர்ட் முதலாளி கையில் இருந்தது. ஊருக்கு வந்த ஒருவரிடம் சின்ன கேமரா ஒன்றைக் கொடுத்தனுப்பி, "அத்தாவப் படம் புடிச்சி வையி நிலோ" என்றான். நிலோஃபர் பிடித்தாள். பிடித்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, 'சேவ்' கொடுத்து, அந்தக் கோப்பை சிடியில் போட்டு ரியாத்துக்கு அனுப்பினாள். அவள் சேமித்தது படத்தை அல்ல, எந்தப் படத்தை எங்கே வெட்டினேன் என்கிற குறிப்பை மட்டும்தான், அது இந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும் என்பது அவளுக்குத் தெரியாது. மன்னார்குடியில் படித்த கம்ப்யூட்டர் கோர்ஸில் இதைச் சொல்லித்தரவில்லை. அதற்குள் லியாகத் அலி மவுத்தாகி, மகன் வராமலேயே ஜனாஸா எடுத்து அடக்கியும் ஆயிற்று. ஜாஃபர் அங்கே ஒரு கடையில் சிடியைப் போட்டுப் பார்த்தான். போனில் கத்தினான்.

"காலி சிடிய அனுப்பிருக்கியே, என் அத்தா மூஞ்சிய எதுல பாக்குறது?"

உடனே சைபுல்லாவைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரைக் கூடத்துக்குத் தூக்கிவரச் செய்து, வைரஸ் என்றான். ஃபார்மட் அடித்தான். நிலோஃபரின் வெட்டு ஒட்டு வேலையெல்லாம் அதோடு போயிற்று. நல்லகாலம், கேமராவிலிருந்து இறக்கிய மூலப்படங்கள் 'டி' டிரைவில் தப்பிப் பிழைத்துக் கிடந்தன.

"இன்னக்கி அஸர் தொழுகைக்கு மேல ஜெக்கரியா காக்கா ஏர்போர்ட்டுக்குக் கார் எடுக்குறாங்க. அவங்கள விட்டா இனி பெருநாளுக்குத்தான் ரியாத்துக்கு ஆளு" என்று நிலோஃபர் திரையைப் பார்த்துச் சொன்னாள். "சீக்கிரம் சொல்லுங்கண்ணே. எடிட்டிங் சாஃப்ட்வேர் இந்த ஃபைல எடுக்கவே மாட்டேங்குது. இது எந்த ஃபைல்னு தெரியலங்குது."

"எடுக்காதும்மா. கேமரா கம்பெனிக்காரன் அவன் இஷ்டத்துக்கு ஒரு ஃபார்மட்ல கொடுப்பான், சாஃப்ட்வேர்க்காரன் அவன் இஷ்டத்துக்கு ஒண்ணக் கேப்பான். கேமராவோட வந்த சிடி எங்க?"

"நீங்கதான் போன வாரம் வாங்கிட்டுப் போனீங்க."

சைபுல்லா வாளியைப் பார்த்தான். "நான் வாங்கல."

"வாங்குனீங்க. ஒங்க பையிலதான் வச்சீங்க."

"பாத்தியா சைத்தூன்" என்றாள் ரஹ்மத் பீவி. கட்டிலடியில் உட்கார்ந்து அவளுக்காக வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சைத்தூன் பீவி தலையை ஆட்டினாள். "எது போனாலும் இவளுக்கு ஒரு ஆம்பள மேல சாட்டத் தெரியும். ரியாத்துக்குப் போன சிடிய நான் முழுசாப் பாத்தேன், இவ அனுப்புறதுக்கு முந்தி. இந்தப் பொட்டியிலயே போட்டுக் காட்டுனா. அவங்க படுத்திருக்காங்க, இவ தலகாணிய சரிபண்றா. அவங்க முழிக்கிறாங்க, இவ மாத்திர கொடுக்குறா. நான் எங்க? பீயும் மூத்திரமும் அள்ளுனவ எங்க? ஒரு எடத்துல என் முந்தானகூட வரல. இந்த வீட்டுல நான்னு ஒருத்தி இல்லவே இல்லாத மாதிரி வெட்டிட்டா."

"மாமி, இப்ப அதப் பேசாதீங்க."

"ஏன் பேசக் கூடாது? நான் சாக்குத் தச்சவடி. எங்க வெட்டி எங்க ஒட்டுனேன்னு நான் கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்."

அது பொய்யில்லை. லியாகத் அலிக்கு ரயிலடியில் சாக்குக்கடை. அறுவடைக் காலத்தில் டெல்டா முழுக்க நெல் பிடிக்கச் சாக்கு வேண்டும். கிழிந்த சாக்குகளை எடைக்கு வாங்கி, உதறி, ஒட்டுப்போட்டு விற்பார். உதறுவது அவர்; தைப்பது ரஹ்மத் பீவி. கோணி ஊசி ஏறி ஏறி அவளுடைய வலது பெருவிரல் நகம் பிளந்து, பிளந்தபடியே வளர்ந்திருந்தது. அப்படிப்பட்டவளுக்கு ஒரு படத்தில் தன்னை வெட்டியெடுத்த இடம் தெரியாமல் போகுமா? ஏன் வெட்டினாள் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் கெட்டதை வைத்து நிரப்புவது மனுஷ புத்தி. ரஹ்மத் பீவிக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

"சரி, எடிட்டிங்க விடுங்க" என்றான் சைபுல்லா. "சும்மா பிளேயர்ல போட்டு, அதாவது ஓடுதான்னு பாருங்க. ரெண்டு தடவ கிளிக் பண்ணுங்க."

"எந்த ஃபைல?"

"எதையாவது. பெரிய ஃபைலாப் பாத்து."

நிலோஃபரின் கை நின்றது. "பெரிய ஃபைல் வேணாம்ணே. சின்னது ஒண்ணப் போட்டுப் பாக்குறேன்."

"சின்னது ஓடிப் பெரிசு ஓடலைன்னா திரும்பி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்மா. எனக்கு வலங்கைமான் கல்யாண சிடி இன்னக்கிக் கொடுத்தாவணும். பெரிசப் போடும்மா!"

"போட வேண்டியதுதானே?" என்றாள் ரஹ்மத் பீவி. கட்டிலிலிருந்து எழுந்து மருமகளின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டாள். "அதுல என்னத்த ஒளிச்சு வச்சிருக்க?"

நிலோஃபர் பெரிய ஃபைலைப் போட்டாள்.

திரை கறுப்பாக இருந்தது. ஆனால் சத்தம் வந்தது. முதலில் மின்விசிறி ஓடும் இரைச்சல், எங்கோ ரயில் கூவுவது, பிறகு லியாகத் அலியின் குரல். பக்கவாதத்தில் நாக்குத் தடித்து, ஒவ்வொரு சொல்லாக உருட்டித் தள்ளுகிற குரல். "தம்பி... ஜாஃபரு... நல்லாருக்கியா..."

சைத்தூன் பீவியின் உரல் நின்றுபோனது. ரஹ்மத் பீவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அடக்கம் செய்ததற்குப் பிறகு அந்தக் குரல் இந்த அறையில் கேட்பது இதுதான் முதல் தடவை.

"படம் வருதா?" என்று கூடத்திலிருந்து சைபுல்லா கேட்டான்.

"இல்லண்ணே. சத்தம் மட்டும் வருது. படம் கறுப்பா இருக்கு."

"அப்பக் கோடெக்தான். படத்தப் பிரிச்சிக் காட்டுற சாஃப்ட்வேர் போயிருச்சி. என்கிட்ட ஒரு சிடி இருக்கு. தரேன், போடுங்க." அது போனதற்குக் காரணம் தன்னுடைய ஃபார்மட் என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லுவான் என்று எதிர்பார்க்கிறவர்கள் அவனைப் போல ஒரு ஆளோடு பழகாதவர்கள்.

நிலோஃபர் ஓடும் படத்தை நிறுத்தப் போனாள். ரஹ்மத் பீவி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நிறுத்தாத. ஓடட்டும்."

"மாமி, படம் வந்ததும் பாத்துக்கலாம்."

"என் புருஷன் கொரல நான் கேக்கணும். கைய எடு."

நிலோஃபர் இன்னொரு கையால் ஸ்பீக்கரின் குமிழைத் திருகி ஒலியைக் குறைத்தாள். அதைப் பார்த்ததும் ரஹ்மத் பீவிக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆங்காரம் வந்ததோ. "ஏன்டி கொறைக்கிற? அவங்க கொரலு எனக்குக் கேக்கக் கூடாதா? அதையும் நீயே வச்சுக்குவியா?" என்று மருமகளின் தோளைத் தள்ளிவிட்டு, குமிழைப் பிடித்து, போகிற மட்டுக்கும் திருகி வைத்தாள்.

கறுப்புத் திரையிலிருந்து ஒரு தட்டு கீழே விழுந்து உருளும் சத்தம் வந்தது. அதன் பின்னால் ஒரு பெண்குரல் வந்தது. ஓட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டிக் கேட்கிற குரல்.

"துப்பிட்டீங்களா? மறுபடியும் துப்பிட்டீங்களா? விடிஞ்சதுலேருந்து இந்தக் கஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். எத்தன சேலதான் தொவைக்கிறது? எத்தன தடவதான் அள்ளுறது? செத்துத் தொலைங்களேன்! நீங்களும் நிம்மதியாப் போங்க, நானும் ஒரு ராத்திரியாவது கண்ண மூடுறேன். செத்துத் தொலைங்க!"

தன் குரலைக் கேட்ட ரஹ்மத் பீவியின் கை குமிழிலேயே இருந்தது. அவளுக்கு அதைக் குறைக்கத் தோன்றவில்லை. நிலோஃபர்தான் எட்டி நிறுத்தினாள்.

ஊரே இவளை என்னவென்று பேசியது? ஜனாஸா வீட்டில் கூடிய பெண்கள் அத்தனை பேரும், புருஷனைப் பச்சைப்பிள்ளையாகப் பார்த்துக்கொண்டவள், சொர்க்கத்தில் இவளுக்கு இடம் ரெடி என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் முந்திச் சொன்னவள் சைத்தூன் பீவி. இப்போது வெற்றிலை உரலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அடுப்புல பால வச்சிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள். பால் பொங்கி வழிந்தாலும் வழியாவிட்டாலும், அஸர் பாங்கு சொல்வதற்குள் அந்த வார்த்தை மூன்று தெருவுக்கு வழியும் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

கூடத்தில் சைபுல்லா தொண்டையைச் செருமினான்.

"நிலோஃபரு" என்றாள் ரஹ்மத் பீவி. குரல் தணிந்துவிட்டது. ஆனால் தணிந்த குரலிலும் ஊசி இருந்தது. "இதத்தான் வெட்டுனியா?"

"ஆமா."

"என்னக் காப்பாத்தவா?"

நிலோஃபர் திரும்பினாள். அவளுக்கும் பொறுத்தது போதும் என்று ஆகிவிட்டது. "ஒங்களுக்காக ஒண்ணும் வெட்டல மாமி. ஒங்களக் காப்பாத்தணும்னு எனக்கு என்னா வந்துச்சு? இத அவங்க அங்க தனியா உக்காந்து கேட்டா, ராவோட ராவா எனக்குத்தான் போன் போடுவாங்க. போனப் போட்டுட்டு அழுவாங்க. ஒங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க, என்கிட்டதான் அழுவாங்க. அந்த அழுகைய நான் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கணும். அதுக்காகத்தான் வெட்டுனேன். நீங்க வர்ற எடமெல்லாம் ஏதாவது ஒரு ஏச்சு இருந்துச்சு. ஒண்ணொண்ணா வெட்டுனேன். கடைசியில நீங்களே இல்லாமப் போயிட்டீங்க. அதுக்கு நான் என்னா பண்ணுறது?"

ரஹ்மத் பீவி போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். மேலே மழை இன்னொரு மடங்கு ஏறியது. ஸ்டெபிலைசர் ரெண்டு தடவை டிக்கென்று அடித்து அடங்கியது.

வாசல் திரைச்சீலை இடுக்கு வழியாக சைபுல்லாவின் கை ஒரு சிடியை நீட்டியது. "இதப் போடும்மா. நெக்ஸ்ட், நெக்ஸ்ட்டுன்னு கொடுத்துக்கிட்டே போ. எதையும் படிக்காத."

நிலோஃபர் போட்டாள். பச்சைக் கோடு ஊர்ந்து முடிந்தது. அதே ஃபைலை மறுபடி திறந்தாள், இந்த முறை ஒலியை முழுக்க அடக்கிவிட்டு. படம் வந்தது.

"வந்துருச்சு" என்றாள்.

ரஹ்மத் பீவி நிமிர்ந்து பார்த்தாள். அவள் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே கட்டில். சுவரில் சாய்த்து வைத்திருக்கிற லியாகத் அலி, ஒரு பக்கம் இழுத்துப்போன வாயோடு கேமராவைப் பார்த்து எதையோ சொல்கிறார். இவள் வருகிறாள், கையில் கஞ்சித் தட்டு. ஊட்டுகிறாள். துப்புகிறார். தட்டு போகிறது. இவள் கையை வீசி வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். சத்தமில்லாமல் பார்க்கையில் யாரோ பைத்தியக்காரி மாதிரி இருந்தது. செத்துத் தொலை என்றது இந்த இடம்தான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. சொன்னது ஞாபகம் இருந்தது. எந்த நேரமும் நெஞ்சில் குத்திக்கொண்டு இருந்தது. செய்ததுதான் மறந்துபோனது.

லியாகத் அலி சிரித்தார். கோணிப்போன வாயால் நன்றாகவே சிரித்தார். சிரித்துவிட்டு, குஞ்சுப் பறவை மாதிரி வாயைத் திறந்து காட்டினார். படத்திலிருந்தவள் கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்து நின்றாள். பிறகு தட்டைப் பொறுக்கிக்கொண்டு போய், வேறு கஞ்சியோடு வந்து கட்டிலில் ஒட்டி உட்கார்ந்தாள். வாய் ஓயாமல் ஏசிக்கொண்டே ஸ்பூனை ஊதி ஊதி ஊட்டினாள். அவர் தின்றார். முந்தானையால் தாடையைத் துடைத்தாள். மறுபடி வாயைத் திறந்தார். தட்டு காலியாகிறவரை தின்றார்.

"இதையும் வெட்டுனியா?" என்றாள் ரஹ்மத் பீவி.

"ஒரே ஓட்டமா இருந்துச்சு மாமி. ஏச்சு நடுவுல நடுவுல வருது. பிரிக்கத் தெரியல. அதோட சேத்துத் தூக்கிட்டேன்."

கூடத்தில் போன் மணி அடித்தது. பக்கத்தில் இருந்ததால் சைபுல்லாவே எடுத்தான். ஜெக்கரியாதான். கார் முந்தியே கிளம்பி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கூட்ஸ் வண்டிக்கு எஞ்சின் மாற்றுகிறார்களாம். கேட் திறப்பதற்குள் சிடியைக் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. நீடாமங்கலத்துக் கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று ஊரில் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஒரு தரம் வெட்டி ஒட்டவும் நேரம் இருக்கும், சிடி எழுதக்கூட நேரமில்லாமலும் போகும்.

"நேரமிருக்கும்மா" என்றான் சைபுல்லா. அவனுக்கும் என்னவோ போலிருந்தது. "இப்ப சாஃப்ட்வேர் அந்த ஃபைல எடுத்துக்கும். பெரியம்மா சத்தம் போடுற எடத்த மட்டும் தூக்கிட்டு, சிரிக்கிறதிலேருந்து வச்சிரலாம். இல்லாட்டி சத்தத்த மட்டும் அமுக்கிட்டு, மேல ஒரு பாட்டப் போட்டுரலாம். நான் சொல்லச் சொல்லப் பண்ணு."

நிலோஃபர் எலியைப் பிடித்தாள்.

"கைய எடு" என்றாள் ரஹ்மத் பீவி.

"மாமி, வார்த்தைய மட்டும்தான்..."

"எதையும் வெட்டாத. கிழிசல வெட்டி எடுத்தா சாக்கு ஒரு மொழம் கொறஞ்சு போவும். யாரு வாங்குவா அத? அப்படியே அனுப்பு."

"அவங்க கேப்பாங்க மாமி. செத்துத் தொலைங்கன்னு நீங்க சொன்னதக் கேப்பாங்க."

"கேக்கட்டும். நான்தானே சொன்னேன்? அவன் அத்தா யாரு கையால தின்னாங்கன்னும் பாக்கட்டும்." எழுந்து வந்து ஸ்பீக்கர் குமிழைத் தொட்டு, சூடு பட்டவள்போல கையை எடுத்துக்கொண்டாள். "ஏசுனவளும் நான், ஊட்டுனவளும் நான். அதுல எது வேணும் எது வேணாம்னு வெட்டுறதுக்கு நீ யாருடி? எழுது சிடிய!"

நிலோஃபர் எழுதினாள். படம் வராமல் போகக் கூடாதென்று அந்தக் கோடெக்கையும் அதே சிடியில் போட்டுக் கொடுத்தான் சைபுல்லா. அந்த ஒரு புத்தியாவது அவனுக்கு இருந்தது. சட்டைக்குள் சிடியைச் சொருகிக்கொண்டு சைக்கிளை மழையில் விட்டான். கேட் திறந்து கார் நகர்கிற நேரத்தில் ஜன்னல் வழியாகப் போட்டதாக வந்து சொன்னான். கூலி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரஹ்மத் பீவி ஃபார்மட்டுக்குக் கணக்குக் கேட்டிருப்பாள்.

சைத்தூன் பீவி அதற்குப் பிறகு வெற்றிலை இடிக்க வரவில்லை. தெருப் பெண்கள் பாத்திஹா ஓதுகிற சாக்கில் வந்து ரஹ்மத் பீவியின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் யாரிடமும் எதையும் மறுக்கவில்லை. நிலோஃபரிடம் மட்டும், ஆணத்தில் உப்பு, துணியில் ஈரம், விளக்கில் கரி என்று வழக்கம்போல ஏசிக்கொண்டிருந்தாள்.

ரியாத்திலிருந்து போன் வந்தது, சம்பா வயல்களில் தண்ணீர் வடிந்து பாதிப் பயிர் அழுகிக்கிடந்த ஒரு காலையில். நிலோஃபர் எடுத்தாள். "மச்சான்" என்றாள். அவள் முகம் மாறுவதை ரஹ்மத் பீவி அறை வாசலில் நின்று பார்த்தாள். அடித்துப்பிடித்துக்கொண்டு வந்து ரிசீவரைப் பிடுங்கினாள்.

"தம்பி, நான்தான். அம்மா."

"ஏம்மா அப்படிச் சொன்ன?" என்றான் ஜாஃபர். "ஏம்மா அத்தாவ அப்படிச் சொன்ன?"

"சொன்னேன்."

"எப்படிம்மா வாய் வந்துச்சு?"

"வந்துச்சு. நீ பக்கத்துல இருந்து ரெண்டு வாய் ஊட்டியிருந்தா எனக்கு வந்திருக்காது."

கம்பிக்குள்ளிருந்து அழுகை வந்தது. ஆண்பிள்ளை, பழக்கமில்லாமல் அழுகிற அழுகை. நிலோஃபர் தன்னிடம் தரச்சொல்லிக் கையை நீட்டினாள்.

ரஹ்மத் பீவி ரிசீவரைக் கொடுக்கவில்லை. காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மருமகளைப் பார்த்துச் சீறினாள்.

"அவன் அழுவுறத நான் கேட்டுக்கிறேன். நீ போயி அடுப்பப் பாரு."